சென்றவர் கண்ட ஐரோப்பாவும் ஊரார் கேட்ட ஐரோப்பாவும்

ஒரு நாட்டைப் பற்றி மனிதன் கொள்ளும் எண்ணம், அந்நாட்டு மண்ணை அவன் மிதிப்பதற்கு நெடுநாள் முன்பே உருவாகிவிடுகிறது. புலம்பெயர்வோரின் ஐரோப்பாவும் அத்தகையதே. புறப்படுமுன் கேட்டறிந்த ஐரோப்பா ஒன்று. சென்றடைந்தபின் வாழ்ந்தறிந்த ஐரோப்பா மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அறியாமையின் விளைவு என்று கூறிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அண்ணன், தம்பி, மருமகன் என ஒரே குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராகச் சென்ற பின்னும், முதலில் சென்றவர் அறிந்தது பின்னால் செல்பவருக்கு ஏன் தெரியாமற் போகிறது? இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது இக்கேள்வியையே.

இது நமக்குத் தொலைவான கேள்வி அன்று. நாம் வாழும் மண்ணூர்பேட்டை, 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி, வேலை தேடி வந்தோரால் பெருகிய பகுதி. சில கிலோமீட்டர் தொலைவில் புழல் காவாங்கரையில் ஈழத்தமிழ் ஏதிலியர் முகாம் உள்ளது. தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பயிற்சி பெறும் இளைஞர் பேச்சில் இன்று ஜெர்மனியும் அயர்லாந்தும் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவர்கள் அறிந்த ஐரோப்பா யாரிடமிருந்து வந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் தகும்.

ஐரோப்பாவை நேரிற்கண்டு எழுதிய முஸ்லிம்களுள் இருவரை இங்குக் குறிப்பிடலாம். லக்னோவில் பிறந்த மிர்ஸா அபூதாலிப் கான் 1799இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு இலண்டன் சென்று, 1803இல் திரும்பித் தம் பயணத்தைப் பாரசீகத்தில் எழுதினார். ஆங்கிலேயரின் நற்பண்புகளோடு அவர்தம் குறைகளையும் அவர் வரிசைப்படுத்தத் தயங்கவில்லை. எகிப்தின் ரிஃபாஆ அத்தஹ்தாவி, 1826இல் முஹம்மது அலீ பாஷா அனுப்பிய மாணவர் குழுவின் இமாமாகப் பாரிஸ் சென்று, 1831இல் திரும்பினார். 1834இல் வெளிவந்த அவரது நூல் பாரிஸின் சட்டத்தையும் செய்தித்தாளையும் உணவு விடுதியையும் அரபு வாசகருக்கு எடுத்துரைத்தது. இவ்விருவரும் கண்டதைக் கண்டவாறு எழுத முடிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. இருவருக்கும் திரும்பிவரும் வழி திறந்திருந்தது. ஐரோப்பா ஏமாற்றம் அளித்தது என்று சொல்வதால் அவர்கள் இழப்பதற்கு ஏதுமில்லை.

தமிழகக் கரையில் ஐரோப்பா வேறு வழியாக வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதியினர் பலர் பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றினர். தென்னிந்திய முஸ்லிம் வணிகர் சைகோனில் கடை நடத்தினர்; 1935இல் அவர்கள் அங்கு எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. ‘சொல்தா’ என்று ஊரார் அழைத்த ஓய்வுபெற்ற படைவீரரின் ஓய்வூதியமே அக்குடும்பங்களுக்குப் பிரான்சின் முதல் உருவம். அவர்தம் பிள்ளைகள் சட்டப்படியான கடவுச்சீட்டுடன் பாரிஸின் புறநகர்களில் இறங்கியபோது, குடியுரிமை கையிலிருந்தும் மொழி நாவிலில்லாத நிலையை எதிர்கொண்டனர். தாளால் பிரெஞ்சுக்காரராக இருப்பதும் பிரான்சில் வாழ்வதும் வெவ்வேறு என்பது அங்கு சென்ற பின்னரே புலப்பட்டது.

ஈழத்தமிழருக்கு அந்தத் தாளும் இல்லை. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் புறப்பட்டோருள் பலர், மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் சென்றனர். நகரைப் பிரித்த கோட்டை மேற்கத்திய நாடுகள் பன்னாட்டு எல்லையாக ஏற்காததால், அங்கு விசா சோதனை இல்லை. பின்னாளில் அவ்வழி அடைபட்டதும், ‘ஏஜென்சி’க்காரரும் படம் மாற்றிய ‘தலைமாற்றி’ப் பாஸ்போர்ட்டும் அதனிடத்தைப் பிடித்தன. போரிலிருந்து தப்பியவர் மனத்தில் ஐரோப்பா என்பது பாதுகாப்பும் உழைப்புக்கேற்ற ஊதியமும் உள்ள ஒரே நிலப்பரப்பு. சென்று சேர்ந்தபின் கண்டதோ எல்லைகளின் தொகுப்பு. ஜெர்மனியின் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடைக்கலம் கோரியவர் தமக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை அனுமதியின்றித் தாண்டலாகாது. பிரான்சில் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கையிலேயே வேலை செய்யும் உரிமை 1991இல் நீக்கப்பட்டது. 1990இல் கையெழுத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்த டப்ளின் உடன்படிக்கை, பெரும்பாலும் முதலில் நுழைந்த நாட்டையே விண்ணப்பத்துக்குப் பொறுப்பாக்கியது. 2003 முதல் கைரேகைப் பதிவு அதனை உறுதிசெய்தது. அண்ணன் பாரிஸில் இருக்க, தம்பியின் விரல் இத்தாலியில் பதிவானால் இத்தாலியே அவனது ஐரோப்பா.

அந்த எல்லைவரைகூடச் செல்லாதோர் உண்டு. 1996 டிசம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலில் பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாற்றப்பட்டோருள் 283 பேராவது மூழ்கி மாண்டனர். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் ஆகியோர் அவர்கள். உயிர்தப்பியோர் கிரேக்கத்தில் கூறியதை அதிகாரிகள் நம்பவில்லை. வலையில் சடலங்கள் சிக்கியபோது, விசாரணைக்கு அஞ்சிய மீனவர் அவற்றைக் கடலிலேயே விட்டனர். 2001இல்தான், ஓர் இலங்கைத் தமிழ் இளைஞனின் அடையாள அட்டை வலையில் வந்ததைக்கொண்டு இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் மூழ்கிய படகின் இடத்தைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுக் காலம் பெற்றோருக்கு அதிகாரபூர்வமான செய்தி எதுவும் இல்லை.

கடலில் மாண்டோரின் மௌனம் ஒருபுறமிருக்க, சேர்ந்தவரின் மௌனமே நம் கேள்விக்கு விடை. பயணச்செலவு காணி விற்றும் நகை அடகுவைத்தும் வட்டிக்கு வாங்கியும் திரட்டப்பட்டது. முதற் சில ஆண்டுகளின் உழைப்பு அக்கடனுக்கே. உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன், ஓர் அறையில் அறுவர் உறங்குகிறோம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அவன் எழுதினால் கடன்கொடுத்தவர் கலங்குவார்; தங்கையின் திருமணப் பேச்சு தடைபடும்; தாய் உண்ணமாட்டாள். ஆகவே பனியில் மேற்சட்டையணிந்து நிற்கும் படம் ஊருக்கு வருகிறது. அதனைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. வீட்டாரைக் காக்கும் அன்பும் அதில் உண்டு. ஆயினும் அந்தப் படத்தைப் பார்த்தே அடுத்த இளைஞன் புறப்படுகிறான். இன்றைய கைப்பேசிக் காணொளியும் காட்ட விரும்புவதையே காட்டுகிறது. ஊருக்குச் சொல்ல முடியாததைப் புலம்பெயர் இலக்கியமே ஓரளவு சொல்லிற்று. 2001இல் வெளிவந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் பிரெஞ்சு அரசுக்கான அடைக்கல விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குவது இங்கு நோக்கத்தக்கது.

இதனால் ஐரோப்பா வெறும் ஏமாற்றம் என்று முடிவுகட்டுவதும் பிழையே. உயிர்ப் பாதுகாப்பு, பிள்ளைகளின் கல்வி, நோயுற்றால் மருத்துவம் ஆகியவை பலருக்கு மெய்யாகவே கிட்டின. பாரிஸின் லாச்சப்பல் கடைவீதியும், ஜெர்மனியின் ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயிலும் அம்மக்கள் வேரூன்றியதைக் காட்டுகின்றன. ஆனால் அவ்வேர் பிடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின, என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே புறப்படுவோர் அறியவேண்டியது.

விடுமுறைக்கு வரும் உறவினரிடம் பள்ளிவாசல் திண்ணையிலும் திருமண வீட்டிலும் நாம் முதலில் கேட்பது ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதே. வாடகை எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை, வதிவிட உரிமை கிடைக்க எத்தனை ஆண்டு ஆயிற்று, கடன் எப்போது தீர்ந்தது என்பனவற்றையும் சேர்த்துக் கேட்போமாக. அவர் உண்மையைச் சொன்னால் அவரது மதிப்பு குறையாது என்ற உறுதியை முதலில் நாம் அளித்தாக வேண்டும்.