உமிழ்நீர் தரும் சாட்சி

மருந்தை எழுதிக் கொடுப்பவர் மருத்துவர். விழுங்க வேண்டியவர் நோயாளி. இவ்விருவருக்கும் இடையில் மருந்து எங்கே மறைகிறது என்பதை எவர் அறிவார்?

என் தந்தையார் குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பீடியை விடுவதற்காக டாக்டர் நிகோடின் சூயிங்கம் கொடுத்திருந்தார். போகும்போதெல்லாம் "தவறாமல் மெல்லுகிறேன் ஐயா" என்பார். பீடியோ நிற்கவில்லை. மருந்து இவருக்குப் பயன்படவில்லை என்று டாக்டர் முடிவு செய்தார். மழைக்காலம் முடிந்து அப்பாவின் கம்பளிக் கோட்டை வெயிலில் போட எடுத்தேன். பையில் பிரிக்காத அட்டைகள்! தொண்டை எரிந்ததாம், சொன்னால் டாக்டர் மனம் நோகும் என்று மறைத்தாராம்.

ஒரு வீட்டில் நடந்தால் இது சிறு பொய். நூற்றுக்கணக்கானோர் பங்குபெறும் ஆராய்ச்சியில் நடந்தாலோ, நல்ல மருந்தும் 'பயனற்றது' என்று பெயரெடுத்துவிடும்.

இச்சிக்கலை நம் தமிழ்நாடு முன்பே சந்தித்திருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் முதலியோர் நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவரை சானடோரியத்திலும் வைத்துச் சிகிச்சை அளித்தனர். வீட்டில் இருப்பவர் மாத்திரை உண்டாரா? முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். 1959இல் முடிவுகள் வெளிவந்தன: வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ சானடோரியத்துக்கு ஈடாக இருந்தது. மலைக்காற்றே மருந்து என்று நம்பிய காலத்தில் இது சாதாரணச் செய்தியன்று.

புகைப்பழக்க ஆராய்ச்சியில் உமிழ்நீர் கைகொடுக்கிறது. ஊசி வேண்டாம், ஒரு பஞ்சுத் துண்டை வாயில் அடக்கி எடுத்தால் போதும். இரத்தத்தில் கலந்த மருந்தின் ஒரு பகுதி அதில் கசிகிறது. நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடல் அதை மாற்றி உண்டாக்கும் கோட்டினினோ பாதியாகச் சுமார் 16 மணி நேரம் ஆகும். ஆகவே கோட்டினினையே தேடுகிறார்கள்.

இங்கேதான் வம்பு. கோட்டினின் பீடியிலிருந்தும் வரும், சூயிங்கத்திலிருந்தும் வரும். வெற்றிலையோடு புகையிலை போடும் நம் தோட்டத்துப் பெண்களிடமும் இருக்கும். "நான் புகைப்பதில்லை" என்று அவர்கள் சொல்வது முழு உண்மை! இதனைப் பிரித்தறிய, புகையிலையில் உள்ள, ஆனால் சூயிங்கத்தில் இல்லாத அனபாசின் என்ற பொருளைப் பெரும்பாலும் சிறுநீரில் தேடுகிறார்கள். கோட்டினின் இருந்து அனபாசின் இல்லையென்றால், வந்தது மருந்திலிருந்து எனலாம். வாரெனிக்லின் மாத்திரைக்கு இத்தொல்லை இல்லை. அது பெரும்பாலும் உருமாறாமலே வெளியேறுவதால் அதனையே நேராகக் காணலாம்.

ஆயினும் முதல் நாள் இரவு மட்டும் மாத்திரை விழுங்கிவிட்டு வருபவரை உமிழ்நீர் காட்டிக் கொடுக்காது. முன்னறிவிப்பின்றிச் செல்லும் சென்னை முறையே இதற்கு மருந்து என்பது என் எண்ணம்.

அப்பா பிறகு டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். விடாமல் மென்று சாற்றை விழுங்கியதே எரிச்சலுக்குக் காரணமாம். சிறிது மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் கால் மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. தேநீரை அவ்வளவு நேரம் தள்ளிவைப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. பீடி இப்போது நாளுக்கு இரண்டு என்கிறார். கோட்டுப் பையை நான் பார்ப்பதில்லை.