பெயரை எழுதிய சித்திரங்கள்

மெக்சிகோவின் நாவாட்ல் மொழி, ஸ்பானியர் அந்நிலத்தில் காலூன்றுமுன்பே தனக்கென ஓர் எழுத்து முறையைக் கொண்டிருந்தது. 1521இல் அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் வீழ்ந்த பின்னரும் பல பத்தாண்டுகள் அது வழக்கில் இருந்தது. ஆயினும் 'அவை வெறும் சித்திரங்கள். எழுத்தல்ல' என ஒதுக்கும் போக்கு அறிஞரிடையே நெடுங்காலம் நிலவியது. அச்சுவடிகளிலுள்ள ஆட்பெயர்களை ஊன்றி நோக்கினால் இக்கருத்து நிலைபெறாது.

முதலில் எளியதைக் காண்போம். ஒருவரின் உருவத்தையோ தலையையோ வரைந்து, அருகே பெயர்க்குறியை இட்டு, பெரும்பாலும் மெல்லிய கோட்டால் இரண்டையும் இணைப்பர். சிமல்போபோகா என்ற அரசரின் பெயருக்குப் 'புகையும் கேடயம்' என்பது பொருள். குறியும் புகை எழும் கேடயமே. இந்த அளவில் நின்றால் பொருளைத்தான் வரைந்தார்கள் என்று வாதிடலாம்.

1427 முதல் 1440 வரை ஆண்ட இட்ஸ்கோவாட்லின் பெயரோ அவ்வாதத்தை முறிக்கிறது. இட்ஸ்ட்லி என்பது எரிமலைக் கண்ணாடிக் கல். கோவாட்ல் என்பது பாம்பு. 1541ஆம் ஆண்டளவில் உருவான மெண்டோசா சுவடியில் கல் அலகுகள் பதித்த பாம்பாக இப்பெயர் காணப்படுகிறது. வெர்காரா சுவடியின் குடிக்கணக்கிலும் இதே பெயர் வருகிறது; அங்கோ பாம்பே இல்லை. கல் அலகு, பானை, நீர் ஆகிய மூன்றே உள்ளன. பானைக்குக் கோமிட்ல், நீருக்கு ஆட்ல் என்று பெயர். அவற்றின் முதலொலிகளை மட்டும் எடுத்து இட்ஸ்–கோ–ஆ என வாசிக்க வேண்டும். பானைக்கும் அப்பெயரின் பொருளுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஒலி மட்டுமே உறவு. எழுத்து என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பிரெஞ்சு அறிஞர் ஓபேன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். எனினும் இம்முறையின் அசைக்குறிகளை ஒழுங்குபடுத்தி நிறுவும் ஆய்வு, 2008இல் அல்ஃபோன்சோ லக்கதேனாவின் கைவண்ணத்தில்தான் புது வேகம் பெற்றது.

மெண்டோசா சுவடியைப் பற்றி அரபு மொழி அறிந்தோர் சுவைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதற்கு ஸ்பானிய விளக்கம் எழுதியவர், அஸ்டெக் பூசாரிகளை 'அல்ஃபகி' என்றும் கோயில்களை 'மெஸ்கிட்டா' என்றும் குறித்துவிட்டார். முன்னது அல்-ஃபகீஹ், பின்னது மஸ்ஜித். கப்பல் புறப்படச் சில நாட்களே இருந்தபோது அவசரமாக எழுத நேர்ந்ததாகக் கூறி, அச்சொற்கள் பிழையென இறுதியில் அவரே திருத்தமும் எழுதி வைத்தார். கிரனாடா வீழ்ந்து அரை நூற்றாண்டு ஆகியும், அந்நியச் சமயம் என்றதும் அவர் நாவில் முதலில் வந்தவை அரபுச் சொற்களே!

புதிதாக வந்த ஸ்பானியப் பெயர்களை நாவாட்ல் எழுத்தர்கள் எதிர்கொண்ட விதம் இன்னும் வியப்பானது. பெத்ரோ தெ அல்வராதோவை மக்கள் 'தோனதியு', அதாவது சூரியன் என அழைத்தனர். ஆகவே சூரியனே அவர் குறியாயிற்று. இது பட்டப்பெயர், பொருள்வழிப்பட்டது. அரசப் பிரதிநிதி மெண்டோசாவின் பெயருக்கு நாவாட்ல் மொழியில் பொருளே கிடையாது. எனவே டெல்லெரியானோ-ரெமென்சிஸ் சுவடியில் கற்றாழை போன்ற 'மெட்ல்' செடியையும், வளை தோண்டும் 'தோசான்' என்னும் கொறிவிலங்கையும் சேர்த்து வரைந்தனர். நாவாட்லில் 'ட' போன்ற ஒலிப்புடை வல்லினம் இல்லாமையால் மெ–தோசா என்பதே அவர்களுக்கு நெருங்கிய ஒலி.

அரசர்களும் ஆளுநர்களும் மட்டும் இதனால் பயன்பெறவில்லை. 1560இல் உவெஹோட்சிங்கோ பகுதியில் வரி செலுத்துவோரைப் பதிவு செய்த ஏடு இன்று பாரீசிலுள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. வரிசை வரிசையாகக் குடியானவர்களின் தலைகள். ஒவ்வொன்றின் அருகிலும் பெயர்க்குறி. தலைமாட்டில் இலத்தீன் எழுத்தில் ஞானஸ்நானப் பெயரும் நாவாட்ல் பெயரும் சேர்ந்தே காணப்படுகின்றன. குறியோ பெரும்பாலும் அந்த நாவாட்ல் பெயரையே எழுதுகிறது. பாதிரியார் சூட்டிய யுவான்களும் பெத்ரோக்களும் ஓர் ஊரில் பலராயிருக்க, இன்ன யுவான் யார் என வரி வசூலிப்பவருக்கு அடையாளம் காட்டியது அந்தக் குறிதான்.