சோப்புக் குமிழி பிறப்பது எப்படி?

சோப்புக் கரைசலில் தோய்த்த கம்பி வளையத்தை எடுத்து மெதுவாக ஊதுங்கள். வளையத்திலுள்ள சவ்வு சற்றே புடைக்கும். ஊதுவதை நிறுத்தினால் மீண்டும் தட்டையாகிவிடும். இன்னும் சற்று வேகமாக ஊதினால் குமிழி தோன்றிப் பறக்கும். இடையில் நடப்பது என்ன?

முதலில் ஒரு தவறான கருத்தைக் களைவோம். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையை மிகுதியாக்குவதால்தான் குமிழி உண்டாகிறது என்று தேர்வில் எழுதும் மாணவர் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. 25° செல்சியசில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். சோப்பு கரைந்ததும் அது ஏறத்தாழ 0.025 ஆகக் குறைகிறது. அப்படியானால் சவ்வைக் காப்பது எது? ஓரிடத்தில் சவ்வு நீண்டு மெலிந்தால், அங்கே பரப்பிலுள்ள சோப்பு மூலக்கூறுகளின் நெருக்கம் குறையும். அவ்விடத்தில் மட்டும் இழுவிசை கூடும். அது அக்கம்பக்கத்துத் திரவத்தைத் தன்பால் இழுத்து மெலிவை ஈடுசெய்யும். தூய நீருக்கு இவ்வழி இல்லை.

இனி ஊதுவோம். சவ்வுக்கு இரு பரப்புகள் உண்டு. எனவே புடைத்த சவ்வினுள் உள்ள மிகை அழுத்தம், பரப்பு இழுவிசையின் 4 மடங்கை வளைவு ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். சவ்வு புடைக்கப் புடைக்க ஆரம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அரைக்கோள வடிவில் ஆரம் வளையத்தின் ஆரத்துக்குச் சமமாகிறது. இதற்குமேல் அது குறைய இயலாது. அழுத்தத்தின் உச்சம் இங்கேதான். 1 செ.மீ. ஆரமுள்ள வளையத்தில் இது 10 பாஸ்கல், அதாவது 1 மி.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். இதை வெல்லக் காற்று வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் மோத வேண்டும். அரைக்கோளத்தைத் தாண்டிவிட்டால் ஆரம் பெருகும், அழுத்தம் குறையும், குமிழி எளிதில் வளரும்.

வளர்ந்த குமிழி முன்னே நகர, அதற்கும் வளையத்துக்கும் இடையே சவ்வு ஒரு குழாய்போல் நீள்கிறது. உருளை வடிவச் சவ்வின் நீளம் அதன் சுற்றளவைவிட மிகுந்தால் அது நிலைக்காது என்பது பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோ கண்ட உண்மை. பார்வையை இழந்த பின்னரும் ஆய்வைத் தொடர்ந்த அவர், தம் முடிவுகளை 1873இல் நூலாக வெளியிட்டார். நீண்ட குழாயின் கழுத்து ஒடுங்கி மூடிக்கொள்கிறது. மூடும் இடத்தில் ஒரு பாதி குமிழியை அடைக்கிறது. மறுபாதி வளையத்தின் குறுக்கே மீண்டும் தட்டைச் சவ்வாகிறது. ஒருமுறை தோய்த்துப் பல குமிழிகளை விட முடிவது இதனால்தான்.

இக்கணக்கை நீங்களே சோதிக்கலாம். வளையத்தின் ஆரம் 4 மடங்கானால், தேவைப்படும் காற்றின் வேகம் பாதியாகக் குறைய வேண்டும். சிறிதும் பெரிதுமாக இரு வளையங்களை மெதுவாகச் சுழலும் மின்விசிறியின் முன் பிடியுங்கள். சிறியது புடைத்து நிற்க, பெரியது குமிழிகளைப் பறக்கவிடும் வேகம் ஒன்று இருக்கும். கண்டுபிடியுங்கள்!