ஆறாம் வகுப்பிற்குச் செல்லும் சிறார்

ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த சிறார் ஜூன் மாதத்தில் அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வர். ஓரிரு ஆசிரியர்களையே அறிந்த குழந்தைக்கு அங்கே பாடத்திற்கு ஓர் ஆசிரியர்; தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பிடம் எங்கே என்று கேட்கவும் கூச்சம். முதல் வாரத்தில் மிரண்ட பிள்ளை பின்னர் ஆட்டு மந்தையின் பின்னே செல்வதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் பள்ளி திறக்கும் நாளில் குழந்தைகளுடன் செல்லுமாறு வேண்டுகிறோம். நம் ஊரிலிருந்து அங்கே ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவரிடம் புதியவர் இருவரை ஒப்படைத்தால் பாதி அச்சம் தீரும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாயினும் சேர்க்கையை மறுத்தல் ஆகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடுகிறது. பெற்றோர் பலர் இதனை அறியார்.

மாலையில் நம் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைத் தலைமையாசிரியரிடம் அன்றே கூறிவிடுதல் நலம். பேருந்தைத் தவறவிட்டு இருட்டில் நடந்து வந்த பெண்ணை மறுநாள் வீட்டார் அனுப்பத் தயங்குவர்.