புற்றுநோய் மெலிவில் கொழுப்புத் திசு அழற்சியின் பங்கு

முன்னுரை

புற்றுநோயாளர் பலர் நோய் முற்றும் நிலையில் உடல் வற்றி மெலிகின்றனர். போதிய உணவு உண்ணாமையே இதற்குக் காரணம் எனக் குடும்பத்தினர் கருதி, நோயாளரை உண்ணுமாறு வற்புறுத்துவர். பசியின்மை இதில் ஒரு பகுதியே. இம்மெலிவு வெறும் பட்டினியின் விளைவன்று. கேக்கெக்சியா எனப்படும் இந்நிலையை, வழக்கமான ஊட்டமளிப்பால் முழுமையாக மீட்க இயலாத தொடர் தசை இழப்பு என 2011ஆம் ஆண்டின் பன்னாட்டு வல்லுநர் குழு வரையறுத்தது. கொழுப்பிழப்பு இதனுடன் சேர்ந்தோ சேராமலோ நிகழலாம். ஆறு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவது இதனை அறியும் அளவுகோல்களுள் ஒன்றாகும். இந்நிலையில் கொழுப்புத் திசுவின் அழற்சி பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கொழுப்புத் திசுவின் இயல்பு

கொழுப்புத் திசு ஆற்றலைச் சேமிக்கும் களஞ்சியம் மட்டுமன்று. லெப்டின் முதலிய இயக்குநீர்களைச் சுரக்கும் உறுப்புமாகும். கொழுப்பணுக்களுடன் நோய் எதிர்ப்பு அணுக்களும் அதில் உறைகின்றன. நீண்ட பட்டினியின்போது உடல் கொழுப்பை எரித்துத் தசைப் புரதத்தை இயன்றவரை காக்கிறது. உணவு கிடைத்ததும் இழந்ததை மீட்கிறது. கேக்கெக்சியாவில் இவ்வொழுங்கு குலைகிறது.

அழற்சியும் அதன் விளைவுகளும்

கட்டியும் அதனை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்களும் கட்டி நசிவுக் காரணி, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை வெளியிடுகின்றன. மெலிவுற்ற நோயாளரின் கொழுப்புத் திசுவில் கொழுப்பணுக்கள் சுருங்குவதும், நார்ப்பொருள் பெருகுவதும், பெருவிழுங்கி அணுக்கள் குவிவதும் காணப்பட்டுள்ளன. பெருவிழுங்கிகளும் சைட்டோகைன்களைச் சுரப்பதால், தாக்குண்ட திசுவே அழற்சியின் மற்றோர் ஊற்றாகிறது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, கொழுப்புச் சிதைவு மிகுந்து கொழுப்பு அமிலங்கள் குருதியில் கலத்தல். இரண்டாவது, வெண்கொழுப்பு பழுப்புக் கொழுப்பின் தன்மையை அடைதல். அவ்வாறு மாறிய அணுக்கள் யுசிபி-1 என்னும் புரதத்தின் துணையால் ஆற்றலைச் சேமியாமல் வெப்பமாக்கிச் செலவிடுகின்றன. இம்மாற்றத்தில் இன்டர்லூக்கின்-6இன் பங்கினை 2014இல் வெளிவந்த எலி ஆய்வு காட்டியது.

கொழுப்பிழப்பு தசையையும் பாதிக்கக்கூடும். கொழுப்பைச் சிதைக்கும் முதன்மை நொதியற்ற எலிகளில், கட்டி வளர்ந்தபோதும் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் பெரிதும் காக்கப்பட்டதை 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவியது. எலிகளில் கண்ட இம்முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும் இரு திசுக்களின் தேய்வும் தொடர்புடையது என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

முடிவுரை

கேக்கெக்சியாவில் உடல் உணவை இழப்பதோடு, பெற்ற உணவைச் சேமிக்கும் ஆற்றலையும் இழக்கிறது. எனவே ஊட்டமளித்தல் இன்றியமையாததாயினும் அதுவே போதிய மருத்துவமாகாது; அழற்சியையும் கருத்திற்கொள்ள வேண்டும். எடைக் குறைவைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் தெரிவிப்பது பயன்தரும். உண்ண இயலாமை நோயாளரின் பிடிவாதமன்று; உடல் மெலிவது பேணுவோரின் குறையுமன்று.