வீட்டிலேயே ரமலான்: சகோதரிகளின் கேள்விகளுக்குச் சில விளக்கங்கள்

 

2020இல் ஊரடங்கு மே 3 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஹிஜ்ரி 1441 ரமலான் பிறையை அப்போது வீட்டிலிருந்தே வரவேற்றோம். மூஞ்சிக்கல் முதல் பண்ணைக்காடு வரை பல வீடுகளிலிருந்து போனில் வந்த கேள்விகளுக்கு, ஆலிம்களிடம் கேட்டறிந்து தந்த பதில்கள் இவை.

கடும் மழையில் வீட்டிலேயே தொழுதுகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே அறிவிக்கப்பட்டது. நோய்க் காலத்தில் ஒதுங்கியிருப்பதும் மார்க்கத்துக்கு உட்பட்டதே.

தராவீஹ்: பெண்கள் ஓரிடத்தில் கூடித் தொழுவதை அவ்வாண்டு நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அடுத்த வீட்டாரையும் அழைக்க முடியாத நிலை இருந்தது. கணவரோ பருவமடைந்த மகனோ இமாமாக நிற்க, பெண்கள் பின் ஸஃபில் நிற்கலாம். தெரிந்த சிறு சூராக்களே போதும். ஆண்கள் இல்லாத வீட்டில், ஹனஃபி மத்ஹபினர் தனித்தனியே தொழுவதே முறை. ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பெண் மற்ற பெண்களுக்கு இமாமத் செய்யலாம். அவர் முன்னே செல்லாமல் ஸஃபின் நடுவிலேயே நிற்பார். அவரவர் மத்ஹபைப் பின்பற்றுங்கள், தர்க்கம் வேண்டாம்.

இஃதிகாஃப்: ஹனஃபி மத்ஹபில் பெண்கள் இருக்க வேண்டிய இடமே வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய மூலைதான். எனவே கடைசிப் பத்தில் அவர்களுக்குத் தடை ஏதுமில்லை.

ஹைளு: தொழுகையும் நோன்பும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு கழா செய்ய வேண்டும். தொழுகைக்குக் கழா இல்லை. திக்ரு, ஸலவாத்து, துஆவுக்குத் தடையில்லை.

இத்தா: கணவரை இழந்தவருக்கு 4 மாதம் 10 நாள், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. ஊரடங்கால் இது கூடவோ குறையவோ செய்யாது. ஊரடங்கின்போது துக்கம் விசாரிக்க நேரில் செல்லாமல் போனில் பேச வேண்டியிருந்தது. அவர் தனித்துப்போய் விடக்கூடாது.

நோன்பு திறப்பு: மலை மேல் இருப்பவர்களுக்குச் சமவெளியை விடச் சூரியன் சற்றுத் தாமதமாகவே மறையும். செல்போனில் வரும் வேறு ஊர் நேரத்தைப் பார்க்காமல், நம் பள்ளியின் பாங்கைக் கேட்டுத் திறங்கள். அவ்வாண்டு பள்ளியில் கஞ்சி காய்ச்சப்படவில்லை. அரசு தந்த பச்சரிசி வீடுகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஜகாத்: இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏப்ரல், மே சீசனை நம்பியே நம் ஊரில் பல அடுப்புகள் எரிகின்றன. லாட்ஜில் அறை சுத்தம் செய்பவர், டாக்ஸி ஓட்டுபவர், குதிரைக்காரர், கடை வைத்திருப்பவர் என எவருக்கும் 2020 ஊரடங்கின்போது வருமானமில்லாமல் போனது. ஹனஃபி மத்ஹபில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன் தங்கம் இருந்தால் இரண்டரை சதவீதம் கடமை. அந்த நகை உங்கள் சொத்து. கணக்கும் உங்கள் பொறுப்பே. ஆண்டு நிறைவடையக் காத்திராமல் முன்கூட்டியும் கொடுக்கலாம்.

வாய்திறந்து கேட்கக் கூச்சப்படும் வீடு எது என்பது ஆண்களை விட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எங்களிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. பொருள் வாசலுக்கு வந்து சேரும்.

வல்ல அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்பானாக! ஆமீன்.