சிறு வீட்டிற்கு ஒரு குளிர் அறை

பங்குனி பிறந்துவிட்டால் நாட்றம்பள்ளியில் எவரைக் கண்டாலும் பேச்சு ஒன்றே: வெப்பம். ஏலகிரி மலை கண்ணெதிரே நிற்கிறது. அதன் குளிர்ச்சியோ நம் காங்கிரீட் தளங்களின் கீழ் இறங்கி வருவதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிச் சுற்று வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. இந்நிலையில், வளைகுடா நாடுகளில் பணியாற்றி ஊர் திரும்பிய இளைஞர் சிலர் நம்மிடம் கேட்கின்றனர்: "சாமி, அங்கே வீடு முழுமைக்கும் ஒரே இயந்திரம். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா அறையும் குளிர்கிறது, வேண்டுமானால் வெதுவெதுப்பாகவும் ஆகிறது. நம் இரண்டறை வீட்டிற்கு அதை நாமே பொருத்திக்கொள்ள முடியாதா?"

கேள்வி நியாயமானதே. அந்த வேலையில் ஒரு பகுதியை வீட்டாரே செய்யலாம். மற்றொரு பகுதியை அவர்கள் தொடவே கூடாது. பலர் இவ்விரண்டையும் மாற்றிக்கொண்டுவிடுகின்றனர் என்பதே நம் கவலை.

வீட்டின் மையத்திலிருந்து வெப்பம் தருவது பழங்கால உரோமையர் அறிந்த வித்தை. தரைக்கடியில் சிறு தூண்கள் நிறுத்தி, வெளியே மூட்டிய தீயின் வெப்பக் காற்றைத் தரையின் கீழும் சுவரின் உள்ளும் ஓடவிட்டனர். இலத்தீனில் 'ஃபோக்குஸ்' என்றால் அடுப்பு. எல்லாரும் கூடும் இடம் அதுவே. சுவிட்சர்லாந்தில் புனித கால் மடத்து நூலகத்தில் காக்கப்படும் 9ஆம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றில், துறவியர் உறங்கும் கூடத்தின் கீழே 'வெப்ப அறை' ஒன்று காட்டப்பட்டுள்ளது. அத்தனை பெரிய மடத்திலும் ஒவ்வொரு துறவிக்கும் தனித்தனி அடுப்பு வைக்க அவர்கள் எண்ணவில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

குளிரூட்டும் கதை நோயாளிகளிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சலில் துடித்தவர்களின் அறைக் கூரையில் பனிக்கட்டித் தொட்டியைத் தொங்கவிட்டுக் குளிர்காற்றைக் கீழே இறங்கச் செய்தார். பனிக்கட்டி வடக்கிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்ததால், அதைச் செய்யும் பொறியையே ஆக்கி 1851இல் காப்புரிமை பெற்றார். கேலிக்கும் நட்டத்துக்கும் ஆளாகி 1855இல் இறந்தார். அதே காலத்தில் சென்னைக்கும் அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலில் வந்தது. அதைச் சேமித்த 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரையில் நிற்கிறது. இன்றைய ஏ.சி.க்கு வழிவகுத்தவர் வில்லிஸ் கேரியர். 1902இல் நியூயார்க் அச்சகம் ஒன்றில் தாள் ஈரத்தால் சுருங்கி விரிவதைத் தடுக்கவே அவர் தம் பொறியை அமைத்தார். மனிதர் சுகம் பின்னரே வந்தது!

இனி நம் வீட்டிற்கு வருவோம். மைய முறையில் கூடத்துக் கூரையின் கீழ் ஓர் இயந்திரம் இருக்கும். அதிலிருந்து காற்றுக் குழாய்கள் ஒவ்வோர் அறைக்கும் செல்லும். அக்குழாய்களை மறைக்கப் பொய்க்கூரை வேண்டும். ஏற்கெனவே தாழ்ந்த கூரை இன்னும் தாழும். அறைக்குள் சென்ற காற்று திரும்பிவர வழி வேண்டும். கதவை மூடினால் வழி அடைபடும், குளிர்ச்சியும் நின்றுபோகும். வெயிலில் காய்ந்த தளத்தை ஒட்டி ஓடும் குழாய், தக்க உறையின்றேல், போகும் வழியிலேயே குளிரை இழக்கும். அடுக்களையில் கருவாடு வறுத்தால் அந்த மணம் படுக்கையறை வரை உலா வரும்! சிறு வீட்டிற்கு இது பொருந்தாத ஆடை என்பதே நம் கருத்து.

சிறு வீடு எதனால் கொதிக்கிறது? பெரும்பாலும் தலைக்கு மேலுள்ள தளத்தால். அழுக்கேறிய காங்கிரீட், தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. பகலெல்லாம் சேர்த்த வெப்பத்தை மாலையிலிருந்து நள்ளிரவு கடந்தும் கீழே இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்னும் உள்ளே உறக்கம் வராத காரணம் இதுவே. நம் முன்னோர் சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் கலந்து சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தது மழைக்காக மட்டுமன்று. இன்று செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்தச் சுருக்கிதான்.

அதற்கு எளிய மாற்று வெள்ளைச் சுண்ணாம்பு. புதிதாக வெள்ளை பூசிய தளம் வெயிலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இதனால் வீட்டினுள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை வெப்பம் குறையும் என்பர். அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர். அந்த அதிர்ச்சியில் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்த அந்நகர், பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதையும் அதனுடன் சேர்த்துக்கொண்டது. நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

மேற்குச் சுவருக்கு ஓர் அவரைப் பந்தல், சன்னலுக்கு வெளிப்புறம் ஒரு தட்டி, இரவில் வெப்பக் காற்றை வெளியேற்ற ஒரு விசிறி, காலை எட்டு மணிக்குள் சன்னல்களை அடைத்தல்: இவையெல்லாம் வீட்டாரே செய்யக்கூடியவை. நம் ஊர்க் கோடை வறண்டது. ஆகவே சென்னையில் பயன்படாத ஏர் கூலர் இங்கே நன்கு உழைக்கும். எதிர்ச் சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் ஒரே நிபந்தனை. சன்னலை அடைத்துக் கூலரை ஓட்டுவோர் புழுக்கத்தைத்தான் வளர்க்கின்றனர்.

இவ்வளவும் செய்த பின்னும் ஏ.சி. வேண்டுமெனில் ஒன்று போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு டன் அளவு. (ஒரு டன் என்பது இயந்திரத்தின் எடையன்று, ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது ஈர்க்கும் வெப்பத்தின் அளவு.) அது முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும், அதே யூனிட்டில் சாதாரண மின்விசிறி பதின்மூன்று மணி நேரம் சுற்றும். 2020 சனவரி முதல் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. அந்த எண்ணை 18க்கு இறக்கிவிட்டுப் போர்வை தேடுவோர் மின்கட்டணத்தைக் குறைகூற உரிமையற்றவர்.

இங்கே வீட்டாரின் எல்லை முடிகிறது. செம்புக் குழாயை இணைத்தல், அதிலுள்ள காற்றை முற்றும் உறிஞ்சி எடுத்தல், வாயு நிரப்புதல் ஆகியவை பயிற்சி பெற்றவர் வேலை. இன்று பெரிதும் வழங்கும் ஆர்-32 வாயு தீப்பற்றும் தன்மை சிறிது உடையது. தனி மின்கம்பியும் தனி எம்.சி.பி.யும் இன்றி, இருக்கும் பிளக்கில் செருகுவது வீட்டுக்குள் தீயை அழைப்பதாகும். எர்த் இல்லாத இரும்புக் கூலரை ஈரக் கையால் தொட்டு உயிரிழப்போர் செய்தி கோடைதோறும் நாளிதழ்களில் வருகிறது. மின் கசிவை அறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியின் விலை, ஓர் அடக்கச் செலவைவிட மிகக் குறைவு.

அந்த ஒரே குளிர் அறையில் யார் உறங்குவது? நாம் வீடு மந்திரிக்கச் செல்லும்போது காண்பது பெரும்பாலும் இதுதான்: மகனும் மருமகளும் ஏ.சி. அறையில், வயது முதிர்ந்த தாயார் வெளித் தாழ்வாரத்துத் தகரக் கொட்டகையின் கீழ். முதியோருக்கு வியர்வை குறைவு, தாகமும் எளிதில் தோன்றாது. வெப்பம் முதலில் வீழ்த்துவது அவர்களையும் கைக்குழந்தைகளையுமே. அறையின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதில்லை, மேலும் சூடாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தோல் பதனிடும் ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குவோரின் துன்பமும் இதனை ஒத்ததே. எனவே வீட்டின் பெரிய அறையையே குளிர் அறையாக்கி, கோடை இரண்டு மாதமும் பாயை விரித்து எல்லாரும் அங்கே உறங்கலாமே! மணமானவருக்குத் தனிமை வேண்டும் என்பதை அறிவோம். குடும்பத்தார் கலந்து பேசி அதற்கு முறை வைத்துக்கொள்ளட்டும். 2015இல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பெருகிவரும் ஏ.சி. பயன்பாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அறைக்கொன்று என்று வாங்குமுன் அந்த 55ஆம் பத்தியைப் படிப்பது நன்று.

மார்கழிக் குளிருக்கு இங்கே இயந்திரம் வேண்டியதில்லை, கம்பளி போதும். கரியடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்து உறங்க வேண்டாம். அதன் நச்சுப்புகைக்கு மணமுமில்லை, நிறமுமில்லை, உறங்குவோர் எழுவதில்லை.

வாடகை வீட்டார் "தளம் எங்களுடையதன்றே" என்பர். வீட்டுக்காரரிடம் கேளுங்கள், சுண்ணாம்புக்கு மறுப்போர் அரியர். தனித்து வாழும் கைம்பெண்களின் தளங்களை இளையோரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஏற்றுக்கொள்ளலாம். தவக்காலத்துச் சனிக்கிழமைகள் அதற்கு ஏற்றவை. முதல் நாள் மாலையே சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, உதிராதிருக்கச் சிறிது பசை கலந்துகொள்க. தளத்தைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்கையிலேயே வெயில் தாழ்ந்த நேரத்தில் இரண்டு முறை பூசுக. கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்க. மழை அதைக் கரைத்துவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் பூச வேண்டும்.